பரணில் கிடக்கும் அந்த கிட்: மாடல் ஒட்டவும் மினியேச்சருக்கு வண்ணம் தீட்டவும் மறுபடி தொடங்குவது எப்படி

பள்ளி லீவில் பாதி ஒட்டிய பிளாஸ்டிக் மாடல் விமானம் ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கக்கூடும். எங்கள் வீட்டில் இருந்தது. மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த ஸ்பிட்ஃபயர். இரண்டு இறக்கையையும் ஒட்டியாயிற்று, விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடியில் பசை பட்டு மங்கிப்போனது, அந்த வருத்தத்தில் பெட்டியை மூடியவன் அதை மறுபடி திறக்கும்போது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

அன்று நேரம் இருந்தது, காசு இல்லை. இன்று கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, நேரம்தான் இல்லை. திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். சின்ன வயதில் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்து ஏங்கிய பெரிய பெட்டியை முதல் வேலையாக வாங்கிவிடுகிறோம். நூற்றுக்கணக்கான துண்டுகள் கொண்ட டாங்கி, மூன்றாவது வாரம் அலமாரிக்குப் போய்விடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியை, பிள்ளைகள் தூங்கிய பிறகு கிடைக்கிற ஒரு மணி நேரத்தைக் கணக்கில் வைத்தே எழுதுகிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு சின்ன வேலை முடிய வேண்டும். பத்துப் பதினைந்து இரவுகளில் ஒரு மாடல் முழுதாக முடிய வேண்டும்.

முதல் பெட்டி

விமானம் பிடிக்கும் என்றால் 1/72 அளவில் ஒற்றை எஞ்சின் போர் விமானம் ஒன்று போதும். 1/72 என்பது ஆறடி மனிதனை ஓர் அங்குலமாகச் சுருக்குவது. ஸ்பிட்ஃபயரின் இறக்கை அகலம் 11.23 மீட்டர், இந்த அளவில் அது 15.6 சென்டிமீட்டர் வரும், உள்ளங்கையைத் தாண்டிக் கொஞ்சம் நீளும். துண்டுகள் குறைவு, விலையும் குறைவு, கெட்டுப்போனாலும் மனசு உடையாது. இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் 1/48. டாங்கிகளுக்கு 1/35. இந்த 35 என்ற விநோத எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. ஜப்பானின் ஷிசுவோக்காவில் இருக்கும் டாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பான்தர் டாங்கியின் மாடலை மோட்டார் வைத்து ஓடும்படி செய்தது. உள்ளே பேட்டரி அடங்க எவ்வளவு இடம் தேவைப்பட்டதோ, அதைக் கொண்டு அளவை முடிவு செய்தார்கள். மற்ற நிறுவனங்களும் அதையே பிடித்துக்கொண்டன.

பசை வாடையே வேண்டாம் என்பவர்களுக்கு ஜப்பானின் பண்டாய் நிறுவனத்தின் ‘கண்டம்’ (Gundam) ரோபோ கிட்டுகள் இருக்கின்றன. 1980இல் தொடங்கிய வரிசை அது. இப்போது வருபவற்றைப் பசையில்லாமல் அழுத்திப் பொருத்தினால் போதும், பிளாஸ்டிக்கே பெரும்பாலும் உரிய நிறத்தில் வந்துவிடுகிறது. பல வருடம் விட்டுப்போன கைக்கு வெட்டும் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

மினியேச்சர், அதாவது மேஜை மேல் போர் விளையாட்டு ஆடும் குட்டி உருவங்கள், பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் வார்ஹாமர் என்ற விளையாட்டில்தான் வந்து நிற்பார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்ஷாப்பின் ‘வார்ஹாமர் 40,000’ 1987இல் வந்தது. இங்கே ஆள் உயரம் சுமார் 28 மில்லிமீட்டர், சில உருவங்கள் அதைவிடப் பெரியவை. படை திரட்ட வேண்டும் என்று ஐந்தாறு பெட்டி வாங்க வேண்டாம். ஒரு பெட்டி வாங்குங்கள். அதிலும் ஒரே ஒரு வீரனை முதலில் முடியுங்கள்.

எந்த விமானம் என்று முடிவு செய்ய முடியாதவர்களுக்கு ஒரு யோசனை. இரண்டாம் உலகப் போரில் சென்னை மாகாணத்திலிருந்து நிதி திரட்டிக் கொடுத்ததை முன்னிட்டு பிரிட்டன் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு (விமானப் பிரிவுகளுக்கு) ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயர் சேர்க்கப்பட்டது. 1940இல் 79 ஹரிகேன் ஓட்டியது, 234 ஸ்பிட்ஃபயர் ஓட்டியது, 264 டிஃபையன்ட் ஓட்டியது. டிஃபையன்ட்டில் முன்னோக்கிச் சுடும் துப்பாக்கியே கிடையாது, விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் ஒருவர் உட்கார்ந்து சுடுவார். உடலில் எழுதும் குறியெழுத்துகள் முறையே என்.வி., ஏ.இஸட்., பி.எஸ். நம் ஊர்ப் பெயர் தாங்கிய விமானத்தை ஒட்டுகிறோம் என்ற நினைப்பு, சலிப்பு வரும் ஐந்தாவது இரவில் கைகொடுக்கும்.

மேஜையில் என்ன வேண்டும்

துண்டுகளை வெட்டும் சின்னக் குறடான நல்ல நிப்பர் ஒன்று, கத்தி ஒன்று, பிளாஸ்டிக் பசை ஒரு பாட்டில். இந்த மூன்றுக்கும் காசு செலவழியுங்கள். மீதி எல்லாம் தெருமுனையில் கிடைக்கும். ஹார்டுவேர் கடையில் தண்ணீரில் தேய்க்கும் உப்புத்தாள் 400, 800, 1500 எண்களில் ஒவ்வொன்று. ஃபேன்ஸி ஸ்டோரில் நகத்துக்குப் பாலிஷ் ஏற்றும் பஃபர். துணி கிளிப், பல்குச்சி, காது குடையும் பஞ்சுக் குச்சி, மருந்துக் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பெயிண்ட் கலக்க, காலியான மாத்திரை அட்டையின் குழிகளே அருமையான தட்டு.

வெளிச்சத்தை மறக்காதீர்கள். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்திருக்கும். ‘கை நடுங்குது, இனிமே நம்மால முடியாது’ என்று நினைக்கிறவர்களில் பலருக்குக் கையில் கோளாறில்லை, கண்ணுக்குப் போதுமான வெளிச்சமில்லை. இடமும் வலமுமாக இரண்டு விளக்கு, தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி ஒன்று. முழங்கை இரண்டையும் மேஜையில் ஊன்றி, இரு மணிக்கட்டும் ஒன்றையொன்று தொடும்படி வைத்துக்கொண்டு வேலை செய்தால் நடுக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

முதல் இரண்டு இரவுகள்: கழுவு, வெட்டு, ஒட்டு

பெட்டியைத் திறந்ததும் துண்டுகளைப் பிடித்திருக்கும் சட்டங்களை, அதாவது ஸ்ப்ரூக்களை, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காய வையுங்கள். அச்சிலிருந்து கழன்று வரத் தடவிய எண்ணெய்ப்பசை மிச்சமிருந்தால் பெயிண்ட் ஒட்டாது. செய்முறைத் தாளை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படியுங்கள். எந்தத் துண்டை ஒட்டுவதற்கு முன்பே பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று பென்சிலால் வட்டமிடுங்கள்.

வெட்டும்போது துண்டை ஒட்டி வெட்டக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிப்பரால் வெட்டி, மிச்சக் காம்பைக் கத்தியால் மெல்லச் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் பிய்ந்து வெள்ளையாகக் குழி விழும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் வெட்டுங்கள். வெட்டிய துண்டு கீழே விழுந்தால், விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்து அடியுங்கள். துண்டு சின்னதானாலும் அதன் நிழல் நீளமாக விழுந்து காட்டிக்கொடுக்கும்.

பசை விஷயத்தில் நம் காலத்துக்கும் இப்போதைக்கும் நிறைய வித்தியாசம். அன்று டியூபில் வந்தது நூல் நூலாக இழுக்கும். இப்போது தண்ணீர் போன்ற மெல்லிய பசை, மூடியிலேயே சின்ன பிரஷ்ஷுடன் வருகிறது. இது ஃபெவிகால் போல இடையில் நின்று பிடிப்பதில்லை. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. முதலில் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரஷ்ஷின் நுனியால் இணைப்புக் கோட்டை ஓரிடத்தில் தொடுங்கள். பசை தானாகவே கோடு நெடுக ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரே எச்சரிக்கை: கோட்டின் மேல் விரல் இருக்கக் கூடாது. பசை விரலுக்கு அடியிலும் ஓடும், எடுத்துப் பார்த்தால் இறக்கையில் உங்கள் கைரேகை பதிந்திருக்கும். அப்படிப் பதிந்தால் துடைக்காதீர்கள், துடைத்தால் இன்னும் இழுபடும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத் தேய்த்தால் போய்விடும்.

உலோகம், ரெசின் (அச்சில் வார்த்து இறுகவைக்கும் பிசின்) இரண்டையும் இந்தப் பசை ஒட்டாது, அவற்றுக்கு ஃபெவிக்விக் போன்ற சூப்பர் குளூ. ஆனால் கண்ணாடித் துண்டின் பக்கத்தில் சூப்பர் குளூவைக் கொண்டுபோகவே கூடாது. அதன் ஆவி படிந்து கண்ணாடி பனி மூடியது போல வெளுத்துவிடும். சிறுவயதில் நான் கண்ணாடியைப் பாழாக்கியதற்கு இந்த ஒரு விஷயம் தெரியாததுதான் காரணம். அதற்குச் சரியான பசை, வீட்டில் இருக்கும் வெள்ளை ஃபெவிகால். பல்குச்சி நுனியில் எடுத்து ஓரத்தில் வைத்தால் போதும். காய்ந்ததும் நிறமில்லாமல் போய்விடும், வழிந்ததை ஈரப் பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம்.

இணைப்புக் கோடு

இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் தெரியும் கோடுதான் பொம்மைக்கும் மாடலுக்கும் உள்ள வித்தியாசம். ஒட்டும்போதே லேசாக அழுத்துங்கள், உருகிய பிளாஸ்டிக் மெல்லிய மணியாகப் பிதுங்கி வரும். ஒரு நாள் விட்டுவிட்டு அந்த மணியைக் கத்தியால் சுரண்டி, 400இல் தொடங்கி 800, 1500 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் கோடு மறையும். பள்ளம் மிச்சமிருந்தால் காலி ஸ்ப்ரூவைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் மெல்லிய பசையில் ஓரிரவு ஊறவிடுங்கள். கூழாகிவிடும், அதையே பள்ளத்தில் நிரப்பலாம். பள்ளம் அடைக்கும் புட்டியைத் தனியாக வாங்க வேண்டியதில்லை. மினியேச்சர்களில் தலை, தோள், கால் நெடுக ஒரு மெல்லிய அச்சுக்கோடு ஓடும். கத்தியின் முதுகால் சுரண்டுங்கள். பெயிண்ட் அடித்த பிறகு அது தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ப்ரைமரும் நம்ம ஊர் வானிலையும்

பிளாஸ்டிக்கின் மேல் நேராக அக்ரிலிக் பெயிண்ட் அடித்தால் நகம் பட்டாலே உரிந்து வரும். அதனால் பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு, அதாவது ப்ரைமர், அவசியம். ஸ்ப்ரே டின்னை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கையை நகர்த்திக்கொண்டே மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். மாடிக்குப் போய் அடியுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்தவர்களுக்குப் புரியாமல் போவது ஒன்று உண்டு, கடலோர ஊர்களின் காற்று. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்தால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே சிக்கி, உருவமே சாம்பல் பூசியது போல வெளுத்துவிடும். மூன்று வாரம் உட்கார்ந்து முடித்த ஒரு குதிரைவீரனை மழை விட்ட ஒரு சாயங்காலத்தில் அப்படி வெளுக்க வைத்திருக்கிறேன். பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துப் பார்த்தேன், பெரும்பகுதி நிறம் திரும்பியது. எல்லாம் திரும்பவில்லை. சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறு: பெயிண்ட் போய்ச் சேருவதற்கு முன் காற்றிலேயே காய்ந்து, ரவை தூவியது போலச் சொரசொரப்பாகிவிடும். அதனால் வறண்ட நாளில் காலை ஒன்பது, பத்து மணிதான் என் நேரம். ஈரக் காலத்தில் ஸ்ப்ரே டின்னைத் தொடாமல் பிரஷ்ஷால் அடிக்கும் ப்ரைமருக்கு மாறிவிடுகிறேன்.

காற்றழுத்தத்தால் பெயிண்ட்டைத் தூவும் ஏர்பிரஷ் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இப்போது வேண்டாம். அதைக் கழுவுவதற்கே உங்கள் ஒரு மணி நேரத்தில் கால்வாசி போய்விடும். மூன்று மாடல் முடித்த பிறகு யோசியுங்கள்.

பெயிண்ட்

நாம் அன்று பயன்படுத்தியது சின்னத் தகர டப்பாவில் வந்த எனாமல். காய ஒரு நாள் ஆகும், பிரஷ் கழுவ டர்பன்டைன் வேண்டும். இன்று பெரும்பாலோர் அக்ரிலிக்குக்கு வந்துவிட்டார்கள். ஆனால் எல்லா அக்ரிலிக்கும் ஒன்றல்ல. ஸ்பெயினின் வய்யேஹோ, கேம்ஸ் வொர்க்ஷாப்பின் சிட்டடெல் இரண்டும் தண்ணீரில் கரைபவை, பிரஷ்ஷுக்கு ஏற்றவை. டாமியாவின் அக்ரிலிக்கில் ஆல்கஹால் சேர்ந்திருக்கும். ஏர்பிரஷ்ஷில் அழகாக உட்காரும், பிரஷ்ஷால் இரண்டாவது முறை தடவினால் அடியில் இருப்பதையும் கரைத்துக் கிளப்பிவிடும். வய்யேஹோவில் ஆல்கஹால் ஊற்றிவிடாதீர்கள், திரிந்த பால் மாதிரி ஆகிவிடும். ஒன்றுக்கு உரியதை இன்னொன்றில் ஊற்றாமல் இருந்தாலே பாதிச் சங்கடம் தீரும்.

தண்ணீர் கலந்து மெல்லிசாக்குங்கள். பால் பதம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பூச்சு திட்டுத்திட்டாக, அடிநிறம் தெரியும்படிதான் வரும். பதறி அதன் மேலேயே மறுபடி தடவாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு இரண்டாவது பூச்சு, தேவையானால் மூன்றாவது. கெட்டியாக ஒரே பூச்சில் மூடினால் மூக்கும் கண்ணும் புதைந்துபோகும்.

நம் வெயிலில் தட்டிலிருக்கும் பெயிண்ட் பத்து நிமிடத்தில் தோல் கட்டிவிடுகிறது. அதற்கு ஒரு டிபன் பாக்ஸ் போதும். பாத்திரம் துலக்கும் மெல்லிய ஸ்பாஞ்சை நனைத்து அடியில் விரித்து, மேலே பட்டர் பேப்பரைப் போடுங்கள். பெயிண்ட்டை அந்தத் தாளில் கலந்தால் அடியிலிருந்து ஈரம் ஏறி, மணிக்கணக்கில் காயாது. மூடி வைத்தால் மறுநாளும் அதே கலவை இருக்கும். இடையிடையே எழுந்து போக வேண்டியிருக்கும் வீட்டில் இதைப்போல உதவுவது வேறில்லை.

பிரஷ் இரண்டு போதும். மிகச் சிறியதாக வாங்காதீர்கள். அதில் பெயிண்ட் நிற்காது, நுனியிலேயே காய்ந்துவிடும். கூர்மையான நுனி கொண்ட 1 அல்லது 2 எண் பிரஷ் கண்ணிமையைக்கூட எழுதும். பிரஷ் மயிரில் பாதிக்கு மேல் பெயிண்ட் ஏற விடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவி, நுனியை விரலால் கூர்செய்து வையுங்கள்.

ஒரு முகம்

28 மில்லிமீட்டர் உருவத்தின் தலை உளுந்துப் பருப்பளவு இருக்கும். பயப்பட வேண்டாம், அந்த முகத்தில் பாதி வேலையை வாஷ், அதாவது தண்ணீராக நீர்த்த அடர்நிறப் பெயிண்ட், செய்துவிடும். ஒரு மருந்து பாட்டில் மூடிமேல் உருவத்தை ஒட்டிக்கொள்ளுங்கள், பிடிக்க வசதி. கறுப்பு ப்ரைமரின் மேல், தலைக்கு நேர் மேலிருந்து வெள்ளையை ஒரே ஒரு முறை லேசாக அடித்தால் எங்கே வெளிச்சம் விழும், எங்கே நிழல் என்று உருவமே சொல்லிக்கொடுக்கும்.

தோல் நிறம் என்று பாட்டிலில் வருவதில் பெரும்பாலானவை வெளிர் ரோஜா நிறம். நம் நிறம் வேண்டுமென்றால் அடர் பழுப்பில் மஞ்சள் காவியும் ஒரு துளி சிவப்பும் சேருங்கள். இரண்டு மெல்லிய பூச்சு. பிறகு கரும்பழுப்பு வாஷ். அது பள்ளங்களில் இறங்கிக் கண்குழி, மூக்கோரம், உதட்டு நடுக்கோடு எல்லாவற்றையும் எழுதும். என் மகள் முதல் முறை இதைப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, அழகா இருந்துச்சு, இப்போ அழுக்கு பூசிட்டியே?” என்றாள். “கொஞ்சம் பொறும்மா, காயட்டும்” என்றேன். அரை மணி கழித்து வந்து பார்த்தவள், “இவரு யாரையோ கோபமா பார்க்கிறாரு” என்றாள். வாஷ் ஈரமாக இருக்கும்போது எல்லா முகமும் கெட்டுப்போனதுபோலத்தான் தெரியும். அந்த அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். காய்ந்ததும் முதலில் கலந்த நிறத்தில் மூக்கு நுனி, கன்னமேடு, தாடை மூன்றை மட்டும் தொட்டெடுங்கள். கண்ணை முதல் உருவத்தில் விட்டுவிடலாம், நிழலே கண்ணாகத் தெரியும்.

2019இல் சிட்டடெல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் வகைப் பெயிண்ட் அடிநிறத்தையும் நிழலையும் ஒரே பூச்சில் தருகிறது. வெளிர் ப்ரைமரின் மேல் அடித்தால்தான் எடுக்கும். இருபது வீரர்களை மேஜைக்குக் கொண்டுவர வேண்டியவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனாலும் முதல் உருவத்தைப் பழைய முறையிலேயே தீட்டுங்கள், நிழல் எப்படி உருவாகிறது என்று கைக்குப் புரியும்.

டீகால்

விமானத்தின் வட்டச் சின்னங்களும் எழுத்துகளும் தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டுபவை. மேட் பெயிண்ட்டின் சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மின்னும். அதனால் முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் டீகால், கடைசியில் மேட் வார்னிஷ். வெதுவெதுப்பான நீரில் பதினைந்து விநாடி முக்கி, எடுத்து ஒரு நிமிடம் காத்திருந்து, விரலால் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் தயார். டீகாலைப் படிய வைக்கும் திரவங்கள் இரண்டு: நீல லேபிள் மைக்ரோ செட்டை அடியில் தடவ வேண்டும், சிவப்பு லேபிள் மைக்ரோ சால் (Micro Sol) திரவத்தை மேலே. சிவப்பைத் தடவியதும் டீகால் சுருங்கி மடிந்து பயமுறுத்தும். தொடாதீர்கள். அது இளகி, பிளாஸ்டிக்கின் கோடுகளுக்குள் இறங்கித் தானே விரிந்துகொள்ளும்.

பரணில் இருந்ததைக் காப்பாற்ற

பழைய கிட்டின் டீகால் மஞ்சளாகியிருந்தால், அந்தத் தாளை வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில், படம் வெளிப்பக்கம் பார்க்க ஒட்டி வையுங்கள். சில வாரத்தில் மஞ்சள் வெளுக்கும். மழை நாளில் எடுத்துவிடுங்கள். பழைய மினியேச்சரில் பெயிண்ட் அப்பிக் கிடந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் அக்ரிலிக் கழன்று வரும். ரெசின் உருவத்தை நீண்ட நேரம் ஊறவிடாதீர்கள். பழைய உலோக உருவங்களில் காரீயம் கலந்திருக்கக்கூடும், ஆகவே தொட்ட பின் கையைக் கழுவுங்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். ரெசினைத் தேய்ப்பதாக இருந்தால் தண்ணீரில் வைத்துத்தான் தேய்க்க வேண்டும். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

முடித்த உருவத்தின் அடித்தட்டில் சலித்த ஆற்று மணலை ஃபெவிகாலில் ஒட்டி, பழுப்பு அடித்து, மேலே காய்ந்த பிரஷ்ஷால் வெளிர் நிறத்தை உரசிவிடுங்கள். தேங்காய் நாரை அரை சென்டிமீட்டருக்கு நறுக்கி ஒரு கொத்து நட்டால் காய்ந்த புல். பிறகு அடித்தட்டைத் திருப்பி, உட்பக்கத்தில் தேதியையும், தோலுக்குக் கலந்த பெயிண்ட்டின் பெயர்களையும் துளிக் கணக்கையும் பர்மனென்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள். அடுத்த வீரனுக்கு அதே நிறம் வேண்டியிருக்கும்.